ஊமைத்துரை: ஒரு சொல்லும் விட்டுச்செல்லாத தலைவர்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம், நம் கிளைக் கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவர் இறந்துபோனார். பிறவியிலேயே வாய் பேச வராதவர். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிப் பிழைத்தவர். அடக்கம் முடிந்து பதிவேட்டில் எழுதப் பேனாவை எடுத்தபோது, பெயர் என்ன என்று கேட்டோம். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊமையன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், சாமி என்றார் ஓர் அண்ணாச்சி. ரேஷன் அட்டையிலும் ஏதோ ஒரு பெயர் அரைகுறையாக இருந்தது. பிறகு கோயில்பிள்ளை பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துவந்தார். அரைமணி நேரம் தேடினோம். கிடைத்தது. திருத்தூதர் ஒருவரின் பெயரை அவருக்கு இட்டிருந்தார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாக அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அன்று மாலை முழுவதும் நம் நினைவில் வந்துகொண்டிருந்தவர் வேறொருவர். இந்தக் கரிசல் சீமையில் பிறந்து, நவம்பர் மாதத்திலேயே இறந்து, இன்றளவும் அதே பட்டப்பெயரால் மட்டுமே அறியப்படுகிறவர். ஊமைத்துரை என்றால் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். குமாரசாமி என்றால் பெரியவர்களுக்கே தெரியாது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி அவர். அண்ணனின் கதையைச் சொல்லத் தெருக்கூத்து உண்டு, கும்மிப் பாட்டு உண்டு. 1959இல் வந்த திரைப்படமும் உண்டு. நம் வீடுகளில் அந்தப் படத்து வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத தாத்தாக்கள் குறைவு. தம்பிக்கு வசனம் ஏது? அவர் வாயிலிருந்து வந்ததாக எழுதிக்காட்ட ஒரு வாக்கியமும் நம்மிடம் இல்லை. ஆயினும் 1801ஆம் ஆண்டில் தென்சீமையைக் கிளர்ந்தெழச் செய்தவர்களில் முதன்மையானவர் இந்தத் தம்பிதான்.

பாளையம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர் காலத்தில், தளவாய் அரியநாத முதலியாரின் திட்டப்படி நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார், படை வைத்திருப்பார். மதுரைக்குக் கப்பம் கட்டுவார், போர் வந்தால் ஆள் அனுப்புவார். ஐரோப்பாவின் இடைக்காலப் பிரபுக்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தார்கள். இங்கிலாந்தின் அப்படிப்பட்ட பிரபுக்கள் 1215ஆம் ஆண்டு தங்கள் அரசன் ஜானுக்கு எதிராகப் படை திரட்டி, ரன்னிமீடு என்ற புல்வெளியில் அவனை மகாசாசனத்துக்கு உடன்படச் செய்தார்கள். அந்தப் பிரபுக்களின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்வால்ட்டர் தம்மைக் கடவுளின் சேனைக்குத் தளபதி என்று அழைத்துக்கொண்டார். காண்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் அவர்களுக்கும் அரசனுக்கும் நடுவே நின்று அந்தச் சாசனம் உருவாக உதவினார். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட்டோ அதே ஆண்டு ஆகஸ்டில் அது செல்லாது என்று அறிவித்தார். திருச்சபைக்குள்ளேயே இரண்டு கருத்து! கலகம் என்று ஒருவர் சொல்வதை உரிமை என்று மற்றொருவர் சொல்வது அன்றும் இருந்திருக்கிறது.

நம் பாளையக்காரர்களைப் புனிதர்களாக்கிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயரில் ஊர் ஊராகக் காவல் பணம் வாங்கியவர்கள் அவர்கள். தங்களுக்குள் எல்லைத் தகராறும் ஆள் கடத்தலும் ஓயாமல் நடந்தன. அந்த எல்லைத் தகராறுகளில் பெரியது பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்தது. நம் காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் வந்து பணியாற்றிய அந்தப் பழைய தலம், எட்டயபுரம் சீமைக்குள் இருந்ததுதான். ஆகவே எட்டப்பன் என்ற பெயரை வசைச்சொல்லாக எறிவதற்கு முன் நம்மில் பலர் சற்று யோசிக்க வேண்டும். நம் முன்னோர் பலரும் அந்தப் பாளையத்துக் குடிகளே.

இந்த நிலையில்தான் வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்தது. ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கடன்பட்டுப்போனார். 1792ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. மழையை நம்பி வெள்ளாமை செய்யும் பூமி இது. ஒரு வருடம் பருத்தி வெடித்தால் மறுவருடம் கம்பும் கருகும். வசூலுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. 1798ஆம் ஆண்டு கலெக்டர் ஜாக்சன் நிலுவைக்காகக் கட்டபொம்மனை அழைத்து, நேரில் பார்க்காமல் ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி இராமநாதபுரத்தில் சந்தித்தார். சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். விசாரணையில் ஜாக்சனின் நடத்தை தவறு என்று கம்பெனியே கண்டு அவரை நீக்கியது. எனினும் பகை நீங்கவில்லை. 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனிப் படைக்கு வேறு வேலை இல்லாமற்போகவே, மேஜர் பானர்மேன் தெற்கே அனுப்பப்பட்டார்.

அதற்குப் பின் நடந்தது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. செப்டம்பர் 5ஆம் தேதி கோட்டை தாக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் நால்வர் மாண்டார்கள். பீரங்கி வலு சேருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அமைச்சர் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைச் சாட்சிக்கு நிறுத்தி, புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது பேருந்து கயத்தாற்றைக் கடக்கையில் நம்மில் பலர் அந்தச் சிலையை ஜன்னல் வழியே பார்த்துக் கும்பிட்டிருக்கிறோம்.

பெரும்பாலோருக்குக் கதை அந்தப் புளியமரத்தோடு முடிந்துவிடுகிறது. ஊமைத்துரையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. நிலங்கள் கம்பெனியோடு நின்ற பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எட்டயபுரத்துக்குப் பெரும் பங்கு. ஊமைத்துரையும் சகோதரர் செவத்தையாவும் உறவினர் பலரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஓர் ஆண்டுக்கும் மேலாக உள்ளே கிடந்தார்கள். கதை அப்படியே மறந்துபோயிருக்க வேண்டியது. தலைவன் இல்லை, கோட்டை இல்லை, நிலம் இல்லை, ஆயுதங்களையும் பறித்தாகிவிட்டது.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு. கம்பெனிப் படையின் பெரும்பகுதி முப்பது மைலுக்கு அப்பால் சங்கரன்கோவிலில் முகாமிட்டிருந்தது. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட பங்களாவில் இருபது பேர் அளவில் கூடி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஊர் மக்கள் சிலர் மாறுவேடத்தில் வந்து, காவலைத் தாக்கிச் சிறைக்கதவைத் திறந்தார்கள். விறகுக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து வந்தார்கள் என்று நம் பகுதியில் சொல்வார்கள். விடிவதற்குள் முப்பது மைல் தூரம். வழியிலிருந்த காவல் நிலைகளில் சுமார் நூறு பேரின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டே பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

விருந்தில் இருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி. நாம் சொல்லப்போகும் செய்திகளில் பெரும்பாலானவை அவரால்தான் நமக்குக் கிடைத்தன. 1830ஆம் ஆண்டு தம் போர் நினைவுகளை இரண்டு பாகமாக அச்சிட்டார். பின்னாளில் இடையன்குடியில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் பேராயர் கால்டுவெல், 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் அவற்றை விரிவாக எடுத்துக்கொண்டார். எதிரி எழுதி வைத்தான், ஓர் ஆயர் காப்பாற்றித் தந்தார்! நம்மவர் யாரும் எழுதவில்லையே என்று குறைப்படுவதில் பயனில்லை. அவர்கள் பாட்டாகப் பாடி வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, கண்ணை நம்ப முடியாமல் நின்றுவிட்டார்கள். இடித்துத் தரையோடு தரையாக்கிய கோட்டை எழுந்து நின்றது. அதன்மேல் சுமார் 1500 பேர் ஆயுதத்தோடு காத்திருந்தார்கள். ஆறே நாளில்! கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. முழுவதும் மண். நீளம் ஏறத்தாழ 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம். இடையிடையே சிறிய சதுரக் கொத்தளங்கள். கரிசலில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு வீசை மண் ஏறிக்கொள்ளும். காய்ந்தால் கடப்பாரையும் இறங்காது. இந்தச் சீமை மண்ணின் குணம் அது. அதைக் குழைக்கத் தெரிந்த ஆயிரம் கைகள் இரவு பகலாக வேலை செய்யாமல் அந்தச் சுவர் எழும்பியிருக்காது. ஆணும் பெண்ணும் சிறுவர்களும் மண் சுமந்தார்கள் என்று கதைப்பாடல் பாடுகிறவர்கள் சொல்வதை நாம் நம்புகிறோம். மெக்காலே மறுநாளே படையைத் திருப்பிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்.

ஊமைத்துரை எப்படி இருந்தார்? நாம் ஆறடி உயரம், முறுக்கு மீசை என்று எதிர்பார்ப்போம். வெல்ஷ் காட்டுகிறவர் உயரமாக, மெலிந்து, நோயாளிபோலத் தோன்றிய ஓர் இளைஞர். காதும் கேளாது, வாயும் பேசாது என்று எழுதுகிறார் அவர். திக்கித் திக்கிச் சில சொற்கள் பேசுவார் என்று ஊர் வழக்கு. ஆங்கிலேயர்களும் தங்கள் மொழியில் ஊமை என்ற பொருளில் ஒரு கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த மெலிந்த உடலுக்குள் இருந்த வேகத்தை நேரில் கண்டு வியந்தவரும் அதே வெல்ஷ்தான். மக்கள் அவரைத் தெய்வத்தைப்போல மதித்தார்கள் என்று எழுதும் அவர், ஒரு காட்சியையும் குறித்துவைத்திருக்கிறார். படைக்கு உத்தரவு தரவேண்டிய நேரம் வந்தால் ஊமைத்துரை கீழே கிடக்கும் சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார். அவைதான் கம்பெனிப் படை. பிறகு வாயால் ஒரு சீழ்க்கை ஒலி எழுப்பிக்கொண்டே வலது கையால் அத்தனையையும் துடைத்தெறிவார். அவ்வளவுதான் உத்தரவு. தாக்குதலுக்கு முதல் ஆளாகப் பாய்கிறவரும் அவரே.

இந்த இடத்தில் வாசிப்பவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டுகிறோம். ஐந்து பேர் இருக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு முடிவெடுக்க நமக்கு இரண்டு மணி நேரம் பேச்சுத் தேவைப்படுகிறது. உள்ளங்கையும் வைக்கோலும் போதுமாக இருந்தது ஒருவருக்கு. அவர் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஆயிரக்கணக்கானோர் பழகியிருந்தார்கள் என்பதை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. நம் கிளைக் கிராமத்துப் பெரியவரின் கையை யார் பார்த்தார்கள் என்று யோசித்தால் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஊமைத்துரை சிறையிருந்த அதே பாளையங்கோட்டையில், சுமார் நூறு ஆண்டு கழித்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் சுவேன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் தொடக்ககால காதுகேளாதோர் பள்ளிகளில் அது ஒன்று. நம் பெரியவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி முடிவதற்குள் பல இடங்கள் கிளர்ச்சிக்காரர் வசமாயின. தூத்துக்குடியும் விழுந்தது. அங்கே பிடிபட்டவர்களுள் துறைமுகப் பொறுப்பில் இருந்த ஆங்கிலேயர் ஒருவர். அவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே அவர் மனைவி வந்து கணவருக்காக மன்றாட, சகோதரர்கள் உடனே அவரை விடுவித்துப் பொருளையும் திருப்பித் தந்தார்கள். அண்ணனைப் புளியமரத்தில் தொங்கவிட்டவர்களின் ஆள் என்பதை மறந்து அல்ல, தெரிந்தே விட்டார்கள். கோட்டைச் சுவரைவிட இந்தச் செய்கை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மார்ச் 31ஆம் தேதி மெக்காலே மீண்டும் பெரும்படையோடு வந்து தாக்கினார். பீரங்கியால் சுவரை உடைத்து வழி உண்டாக்கினார்கள். அந்த உடைப்பின் உச்சிக்கு ஏறியவர் எவரும் உள்ளே இறங்கவில்லை. கொத்தளங்களின் உட்புறத்தைக் குடைந்து, குழிக்குள் நின்றுகொண்டு, 18 அடி 20 அடி நீள ஈட்டிகளால் கீழேயிருந்தே குத்தினார்கள். மேலே வந்தவர்களுக்குத் தங்களைக் கொல்பவர் யார் என்பதே தெரியவில்லை. தாக்கப்போன ஐரோப்பியர் 120 பேரில் காயமின்றித் திரும்பியவர்கள் 46 பேரே. அவர்களோடு போன நம் நாட்டுச் சிப்பாய்கள் எத்தனையோ பேர். இருபுறமும் செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் முற்றுகை. மே மாதம் கர்னல் அக்னியு புதிய படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்து சேர்த்தார். மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஒரே திரளாக வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்தியது. வெட்டவெளியான கரிசல் காட்டில் ஓடி ஒளிய ஒரு மரம் கூடக் கிடையாது. அந்த ஓட்டத்தில் ஊமைத்துரை காயம்பட்டு விழுந்தார்.

இனிச் சொல்வதையும் வெல்ஷ்தான் எழுதி வைத்திருக்கிறார். படித்த நாளிலிருந்து நம்மை விட்டு நீங்காதது இது.

கோட்டையிலிருந்து சில மைல் தள்ளியிருந்த ஒரு சிற்றூர்ப் பெண்கள், துரத்தியவர்கள் அப்பால் போனபின், பிணங்களுக்கு நடுவே தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுகொண்டாள். உடலெங்கும் காயம், உயிர் மட்டும் இருந்தது. தூக்க முயன்றாள். மகன் தடுத்தான். தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் சாமி விழுந்து கிடக்கிறார், அவரைக் காப்பாற்றும்படியும் சொன்னான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. நம்மையும் நம் மக்கள் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு கனம் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால், திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதாக இல்லை.

தாய் மகனை விட்டாள். மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஊமைத்துரையைத் தூக்கி ஊருக்குள் கொண்டுபோனாள். சற்று நேரத்தில் எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் ஒளித்தால் அகப்பட்டுவிடுவார். பெண்கள் அவர்மேல் வெள்ளைத்துணியைப் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து, மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்களிடம் அம்மை கண்டு செத்துப்போன பிள்ளை என்று சொன்னார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வீரர்கள் துணியை விலக்கிப் பார்க்கவும் துணியாமல் ஓடிவிட்டார்கள்.

அந்த ஒப்பாரி நடிப்பாக இருந்திருக்குமா? நம் ஊர் இழவு வீடுகளில் நாற்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சாவுக்கு வந்த பெரியம்மாள், தன் வீட்டில் என்றோ போனவனை நினைத்து அழுவதைப் பார்க்காதவர் யார்? உண்மையான மகன் காட்டில் கிடக்க, வேறொருவர் மகனுக்காகத் துணி போர்த்திக்கொண்டு அழுதாள் அந்தத் தாய். அழுகை முழுவதும் அசலாகவே இருந்திருக்கும். வந்த வீரர்கள் நம்பியதற்கு அம்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஊமைத்துரை பிழைத்தார். காயம் ஆறுவதற்குள் கமுதி வழியாகச் சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் அவருக்கு அடைக்கலம் தந்து சிறுவயலில் வைத்துக்கொண்டார்கள். அவரை ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டது. ஒப்படைத்திருந்தால் மருதுவின் சீமைக்கு உடனடி ஆபத்து வந்திராது. அவர்கள் மறுத்தார்கள். 1801 ஜூன் 16ஆம் தேதி திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும், எல்லாச் சாதியாரும் ஒன்றுகூடி அந்நியரை எதிர்க்க அழைக்கும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஒரு பாளையத்தின் சண்டை அதோடு சீமைகள் பல சேர்ந்த போராயிற்று. வரலாற்றாசிரியர் கே. இராஜய்யன் இதைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்று பெயரிட்டு 1971இல் நூல் எழுதினார். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தியது இது.

சிறுவயலை எதிரிக்கு விடாமல் அதன் மக்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். கம்பெனிப் படை அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்றது. ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் கைவிட்டது. இறுதியில் வேறு திசையில் வந்து, அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்டவர் இதே வெல்ஷ். தமக்கு ஆசானாக இருந்தவரின் அந்த முடிவைத் துக்கத்தோடு எழுதியிருக்கிறார்.

ஊமைத்துரை திண்டுக்கல் பக்கம் போய் இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்தார். பிடிபட்டதும் அவரையும் செவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்தார்கள். 1801 நவம்பர் 16ஆம் தேதி, ஆறு நாளில் அவர் எழுப்பிய கோட்டை இருந்த இடத்தில், அவரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை மறுபடி இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். ஊரின் பெயரையே கணக்கிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

அவர் சரியானதைச் செய்தாரா என்று இளைஞர் கூட்டத்தில் ஒரு தம்பி நம்மிடம் கேட்டதுண்டு. கோட்டையை எழுப்பாமலே இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் அல்லவா என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் சிறையிலிருந்து தப்ப ஊமைத்துரை ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. மக்களே வந்து கதவைத் திறந்தார்கள். அவர்களுக்குப் பாளையமும் காவல் பணமும் தெரியும், குறைகளும் தெரியும். இருந்தும் தேடி வந்தார்கள். தன்னை நம்பி முப்பது மைல் நடந்து வந்தவர்களிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்வதற்கு, வாய் இருந்தாலும் யாரால் முடியும்? அதே நேரத்தில், காட்டில் மகனை விட்டுவந்த அந்தத் தாயின் பக்கம் நின்று பார்க்கும்போது, நம் பதில் அவ்வளவு உறுதியாக வருவதில்லை. அந்தத் தம்பியிடமும் அதைத்தான் சொன்னோம்.

1974ஆம் ஆண்டு தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியது. நம் பங்கு இளைஞர்களோடு ஒருமுறை போயிருந்தோம். கட்டிடத்தைவிட அந்தப் பழைய கோட்டையின் மண்மேடுதான் நம்மை நிறுத்தியது. ஒட்டப்பிடாரம் பகுதியில், அந்தப் போர்களில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. எங்கோ கடல் தாண்டிப் பிறந்து இந்த வெயிலில் வந்து செத்த பிள்ளைகள். கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. அவர்களுக்காகவும் ஒரு செபம் சொன்னோம். மண்மேட்டின் பக்கம் கிடப்பவர்களுக்குப் படிக்கப் பெயர் இல்லாததால் பொதுவாகச் சொன்னோம்.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு இறந்தோர் பட்டியல் தட்டச்சுக்குப் போயிருக்கிறது. நம் பெரியவரின் பெயரைப் பதிவேட்டில் கண்டபடியே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பக்கத்தில் பட்டப்பெயரையும் போடட்டுமா, இல்லாவிட்டால் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாதே, சாமி என்று கோயில்பிள்ளை கேட்டிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.